பாட்டியின் விரலும் பிராண வாயுவும்

ஐந்தாம் ஆண்டில் படிக்கிற ஒரு பெண்பிள்ளை. கணக்கில் கெட்டிக்காரி. சென்ற ஆண்டின் கடைசிப் பகுதியில் திடீரென்று தினமும் தாமதமாக வர ஆரம்பித்தாள். ஒரு சடை காதுக்கு மேலே தூக்கிக்கொண்டிருக்கும், இன்னொன்று தோளில் அவிழ்ந்து கிடக்கும். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் ஓய்வு நேரத்தில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"பாட்டிக்குக் கையில வாயு பிடிச்சிருக்கு சார். காலையில சீப்பைக்கூடப் பிடிக்க முடியல. பத்து மணிக்கு மேலதான் வெரலு மடங்குது. நானே சடை போட்டுக்கிட்டு, பாட்டிக்குக் கோப்பி கலக்கிக் குடுத்துட்டு வர்றேன்."

வாயு! நம் தோட்டப்புறத்தில் இந்த ஒரு சொல்லுக்குத்தான் எத்தனை வேலை. இடுப்புப் பிடித்தால் வாயு, தோள் இழுத்தால் வாயு, நெஞ்சு அடைத்தாலும் வாயு. உருளைக்கிழங்கு சாப்பிட்டதால் வந்தது, ராத்திரி தலைக்குக் குளித்ததால் வந்தது என்று காரணமும் ஆயத்தமாக இருக்கும். கோடாலித் தைலத்தைத் தடவி, தெரிந்த கையால் ஒரு முறை உருவிவிட்டால் வாயு இறங்கிவிடும் என்பார்கள். நானும் அப்படி நம்பி வளர்ந்தவன்தான்.

அந்தப் பிள்ளை சொன்ன அடையாளங்கள் எனக்குப் புதியவை அல்ல. இரண்டு கையும் சேர்ந்து வீங்குவது, காலையில் விரல் மரத்துப்போய் மடங்க மறுப்பது, வெயில் ஏறினால் கொஞ்சம் இளகுவது. என் அம்மாவுக்கு வந்ததும் இதுதான். டாக்டர்கள் இதை ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள், தமிழில் முடக்குவாதம். இந்த நோயில் மூட்டுக்குள் வாயு போய் அடைத்துக்கொள்வதில்லை. நடப்பது நேர்மாறு. மூட்டுக்குள் இருக்க வேண்டிய ஒரு வாயு, பிராண வாயு, அங்கே போதாமல் போகிறது. அந்தத் தட்டுப்பாட்டில், நம்மைக் காப்பதற்கென்றே இருக்கிற இரத்த அணுக்கள் வேறு குணம் கொண்டு விடுகின்றன. இந்த மாதம் அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மூட்டு வலியெல்லாம் முடக்குவாதம் அல்ல. வயதானவர்களுக்கு, உடல் கனத்தவர்களுக்கு, வருடக்கணக்கில் மேடு பள்ளம் ஏறி இறங்கியவர்களுக்கு முட்டி தேய்வது ஒரு வகை. அது நடந்தால் வலிக்கும், உட்கார்ந்தால் அடங்கும், பொழுது சாயச்சாயக் கூடும். முடக்குவாதம் காலையில்தான் மோசம். விரல் கணுக்கள், மணிக்கட்டு, பாதத்தின் சின்ன மூட்டுகள் என்று இரு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்கும். ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் விறைப்பு நீங்காது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வரும். நாற்பது ஐம்பது வயதில் வருவது சாதாரணம், இருபதிலும் வருவதுண்டு. சிக்குன்குனியா காய்ச்சல் வந்து போனவர்களுக்கும் இதேபோல மூட்டு வீங்கி மாதக்கணக்கில் நிற்பதுண்டு. 2008இல் ஜொகூரில் தொடங்கி நாடெங்கும் அந்தக் காய்ச்சல் பரவியபோது நம் பக்கத்திலும் பலர் தாங்கித் தாங்கி நடந்தது நினைவிருக்கலாம்.

நம் இனத்தாருக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும் என்பதற்கு ஒரு காரணமும் உண்டு. பக்கத்து மாநிலமான நெகிரி செம்பிலானில், சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையின் முடக்குவாத நோயாளிகளைக் கணக்கெடுத்த டாக்டர்கள், அவர்களில் இந்தியர்களின் பங்கு மக்கள்தொகையில் நமக்குள்ள பங்கைவிட மிக அதிகம் என்று எழுதியிருக்கிறார்கள். "பால் வெட்டின கை, பனியில நனைஞ்ச கை, அதான் வந்துடுச்சு" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். இந்த நாட்டில் வாணிபத்துக்கென்று முதன்முதலில் ரப்பர் நட்டதே நம் மலாக்காவில்தான்; 1896இல் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். அன்று முதல் எத்தனை கைகள் விடியற்காலை இருட்டில் உளி பிடித்திருக்கின்றன! ஆனால் பனியும் உளியும் இந்த நோயைக் கொண்டுவருவதில்லை. பிறவியிலேயே உடம்பில் இருக்கும் ஒரு வாகு, அதற்கு மேல் வெளியிலிருந்து வரும் தூண்டுதல், இரண்டும் சேர வேண்டும். மலேசியாவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில் தெரியவந்த தூண்டுதல்களில் ஒன்று சிகரெட். இன்னொன்று, 2016இல் வெளியான முடிவின்படி, துணி ஆலைகளின் பஞ்சுத் தூசி. தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலைக்குப் போன நம் பெண்களில் அந்தத் தூசிக்குள் நின்றவர்களும் உண்டு.

இப்போது மூட்டுக்குள் போவோம். ஞாயிற்றுக்கிழமை கோழி வெட்டும்போது கால் மூட்டைப் பிரித்துப் பார்த்திருப்பீர்கள். எலும்பின் முனையில் வெள்ளையாக, வழவழவென்று ஒரு பூச்சு, அதுதான் குருத்தெலும்பு. சுற்றிலும் மெல்லிய ஒரு சவ்வு. உள்ளே வெள்ளைக் கரு போலப் பிசுபிசுப்பாகக் கொஞ்சம் நீர். நமக்கும் இதே அமைப்புதான். நல்ல மூட்டில் அந்தச் சவ்வின் உள்வரிசை ஓர் அணு, இரண்டு அணு, மிஞ்சினால் மூன்று அணு கனம்தான். குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. பக்கத்திலுள்ள நீரின் வழியாகத்தான் அதற்குச் சாப்பாடு.

முடக்குவாதத்தில் நம் காவல் அணுக்கள் சொந்த வீட்டையே திருடன் வீடு என்று எண்ணிச் சவ்வுக்குள் கூட்டமாக நுழைகின்றன. சவ்வு தடித்துப்போகிறது. நீர் கோத்துக்கொள்கிறது. நான்கு பேருக்குக் கட்டின லயத்து அறையில் நாற்பது பேர் படுத்தால் என்ன ஆகும்? ஒவ்வொருவரும் மூச்சு விட்டாக வேண்டும், ஜன்னலோ ஒன்றுதான். கூட்டம் அதிகமாகிப் பிராண வாயுவை விழுங்குகிறது. கோத்த நீரோ உள்ளிருந்து அழுத்திச் சின்ன இரத்தக் குழாய்களை நசுக்குகிறது. உடம்பு சும்மா இருப்பதில்லை, புதுக் குழாய்களைப் போடுகிறது. அவசரத்தில் போட்ட குழாய் ஆனதால் வளைந்து நெளிந்து, ஒழுகிக்கொண்டு, வேண்டிய அளவு கொண்டுசேர்க்காமல் நிற்கிறது. குழாய் பெருகியும் தட்டுப்பாடு தீரவில்லை.

இது ஊகமாகச் சொல்வதல்ல, அளந்து பார்த்தது. 1970இல் லுண்ட்-ஓலசன் என்ற ஆய்வாளர் முட்டியில் கோத்த நீரை எடுத்து அதிலுள்ள பிராண வாயுவின் அழுத்தத்தை அளந்தார். இரத்த அழுத்தம் 120, 80 என்கிறோமே, அதே பாதரச மில்லிமீட்டர் கணக்குதான் இதற்கும். மற்றபடி நோயில்லாமல், அடிபட்டு மட்டும் நீர் கோத்த முட்டிகளில் சராசரி 63. தேய்மான மூட்டுகளில் 43. முடக்குவாத மூட்டுகளில் 27. நுரையீரலைவிட்டுப் புறப்படும் நல்ல இரத்தத்தில் இது 95க்குப் பக்கத்தில் இருக்கும் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். நாற்பது ஆண்டு கழித்து அயர்லாந்தின் டப்ளின் நகரில் அர்சுலா ஃபியரன், டக்லஸ் வீல் ஆகியோரின் குழு, மூட்டுக்குள் ஊசி போன்ற கருவியையே செலுத்திச் சவ்வில் நேராக அளந்தது. கிடைத்த அளவு 3 விழுக்காட்டுக்குப் பக்கத்தில். நாம் சுவாசிக்கும் காற்றில் 21 விழுக்காடு. வீக்கம் கடுமையான மூட்டுகளில் பிராண வாயு இன்னும் குறைவாக இருந்ததையும் அவர்கள் கண்டார்கள்.

சரி, பிராண வாயு குறைந்தால் அங்கே போய்க் குவிந்த அணுக்கள் மூச்சு முட்டிச் சாக வேண்டாமா? செத்தால் வீக்கம் தானே வற்றிவிடுமே? நான் இதைப் படித்தபோது எனக்கு எழுந்த முதல் கேள்வி அதுதான். விஷயமே அங்கேதான் இருக்கிறது. அவை சாவதில்லை.

ஒவ்வோர் அணுவுக்குள்ளும் ஹிஃப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு புரதம் உண்டு. என் வகுப்பறையை வைத்துச் சொல்கிறேன். நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டே இருக்கிறேன். முறைக்கார மாணவன் உடனுக்குடன் அழித்துக்கொண்டே இருக்கிறான். பார்ப்பவருக்குப் பலகை எப்போதும் காலியாகத்தான் தெரியும். ஒரு நாள் அந்தப் பையன் வரவில்லை. எழுதினது எழுதினபடியே நிற்கிறது. பிள்ளைகள் எல்லாரும் அதைப் படித்து அதன்படி செய்யத் தொடங்குகிறார்கள். அணுவும் ஹிஃப்பை ஓயாமல் செய்துகொண்டே இருக்கிறது. பிராண வாயு இருக்கும்வரை அது உடனே அடையாளமிடப்பட்டு அழிக்கப்படுகிறது. பிராண வாயுதான் அந்த முறைக்காரப் பையன். அது குறைந்ததும் ஹிஃப் அழியாமல் தங்கி, அணுவின் நடுக்கருவுக்குள் போய், "தட்டுப்பாடு வந்துவிட்டது, அதற்கேற்ப நடந்துகொள்" என்று பல கட்டளைகளைத் திறந்துவிடுகிறது. இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்ததற்காக கிரெக் செமென்சா, பீட்டர் ராட்கிளிஃப், வில்லியம் கேலின் ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் கட்டளைகளில் ஒன்று, பிராண வாயு இல்லாமலே சர்க்கரையை எரித்துப் பிழைத்துக்கொள் என்பது. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். காற்றைத் தாராளமாக விட்டால் விறகு கொழுந்துவிட்டு எரிந்து சாம்பலாகும். காற்றை மட்டுப்படுத்தினால் நெருப்பு அணைவதில்லை. உள்ளுக்குள் கனன்று புகையைக் கக்கும். அணுவும் இப்படித்தான் கனல்கிறது. சர்க்கரை நிறையச் செலவாகும், பலம் கொஞ்சம்தான் கிடைக்கும், புகைக்குப் பதிலாக லேக்டிக் அமிலம் வெளியாகும். தயிரைப் புளிக்க வைக்கிறதே, அதே அமிலம். முடக்குவாத மூட்டின் நீரை எடுத்துச் சோதித்தால் சர்க்கரை குறைந்தும் இந்தப் புளிப்பு கூடியும் இருக்கும்.

இனி காவல் அணுக்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில் ஓடி வருபவை நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள். பெரட்டுக்கு முதல் ஆளாக வந்து நிற்கும் ஆளைப் போல. சாதாரணமாக இவற்றுக்கு ஆயுள் குறைவு. வந்த வேலையை முடித்து, தாமே மடிந்து, இடத்தைக் காலி செய்துவிடும். பிராண வாயு குறைந்த இடத்தில் ஹிஃப் இவற்றின் சாவைத் தள்ளிப்போடுகிறது என்று 2005இல் காட்டினார்கள். போக வேண்டிய நேரத்துக்குப் போகாமல் தங்கி, கையிலுள்ள அமிலத்தையும் நொதியையும் குருத்தெலும்பின் மேல் கொட்டுகின்றன.

அடுத்தது மேக்ரோஃபேஜ் என்னும் தின்னி அணு. குப்பையை விழுங்கிச் சுத்தம் செய்வது இதன் வேலை. தட்டுப்பாட்டில் இது சுத்தம் செய்வதைவிடக் கூச்சல் போடுவதில்தான் மும்முரமாகிறது. டி.என்.எஃப்., இன்டர்லூக்கின் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அந்த அழைப்புச் சரக்குகளை அள்ளி வீசி இன்னும் ஆள் கூட்டுகிறது. வந்த கூட்டம் மேலும் மூச்சு வாங்குகிறது, பிராண வாயு மேலும் குறைகிறது, கூச்சல் மேலும் கூடுகிறது. செக்கு மாடு சுற்றுவது போல ஒரு சுற்று. 2003இல் விஞ்ஞானிகள் சுண்டெலிகளில் ஒரு சோதனை செய்தார்கள். தின்னி அணுக்களிலிருந்தும் அவற்றின் இனத்து அணுக்களிலிருந்தும் ஹிஃப்பை மட்டும் நீக்கிவிட்டு, மூட்டுவாதத்தை வரவழைக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். அந்த எலிகளின் மூட்டு மற்ற எலிகளைப் போல வீங்கவில்லை.

மூன்றாவது, டி அணுக்கள். இவற்றில் அடி என்று ஏவுகிற கூட்டம் ஒன்று, போதும் நிறுத்து என்று அடக்குகிற கூட்டம் ஒன்று. இரண்டும் சமமாக இருக்கும்வரை வீடு அமைதி. ஹிஃப் மேலோங்கினால் தராசு ஏவுகிற பக்கம் சாய்கிறது என்று 2011இல் வெளியான ஆராய்ச்சிகள் கூறின. மனித மூட்டுக்குள் எல்லா இடத்திலும் எல்லா நேரமும் இதே கணக்குத்தான் என்று அடித்துச் சொல்ல இயலாது. சோதனைச்சாலைத் தட்டு வேறு, பாட்டியின் மணிக்கட்டு வேறு.

இப்படி ஓர் ஏற்பாட்டைக் கடவுள் ஏன் வைத்தார் என்று கேட்பீர்கள். செம்பனை முள் குத்திச் சீழ் வைத்த காலை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சீழ்க்கட்டியின் உள்ளேயும் பிராண வாயு கிடையாது. அங்கே போய்க் கிருமியோடு போராட வேண்டிய அணு, மூச்சு முட்டுகிறது என்று படுத்துவிட்டால் நாம் பிழைப்பதெப்படி? காற்றில்லாத இடத்திலும் சளைக்காமல் அடிக்கிற குணம் நம்மைக் காக்கவே வந்தது. முள் குத்திய காலில் வேலை சில நாளில் முடிந்துவிடும். மூட்டில் கிருமியே இல்லை. வெல்ல வேண்டிய எதிரி இல்லாததால் சண்டைக்கும் முடிவில்லை.

இதைப் படித்ததும், பிராண வாயுதானே குறைவு, சிலிண்டர் வைத்து இழுத்தால் போயிற்று என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்க்கும் கருவி பல வீடுகளுக்கு வந்தது. முடக்குவாதக்காரர் விரலில் அதை மாட்டினாலும் 98 என்று அழகாகக் காட்டும். அது பொய்யல்ல, இரத்தத்தில் பிராண வாயு நிறைந்துதான் இருக்கிறது. அணைக்கட்டில் தண்ணீர் தளும்புகிறது, மேட்டு லயத்துக் குழாயில்தான் சொட்டவில்லை. அடைப்பு வழியில் இருக்கும்போது அணைக்கு இன்னும் தண்ணீர் விட்டு என்ன பயன்? மூச்சுப் பயிற்சி மனத்துக்கு நல்லது, செய்யுங்கள். மூட்டு வீக்கத்துக்கு அதுவே மருந்தாகாது. ஹிஃப்பை நேரடியாக அடக்கி முடக்குவாதத்தைத் தணிக்கும் மாத்திரையும் மருந்துக்கடைக்கு இன்னும் வந்து சேரவில்லை. உடம்பின் மற்ற இடங்களில் அது செய்கிற நல்ல வேலைகள் ஏராளம் என்பதால் அதன்மேல் கைவைக்க டாக்டர்கள் தயங்குகிறார்கள்.

அப்படியானால் செய்ய முடிந்தது என்ன? வீக்கத்தைக் குறைப்பது. கூட்டம் கலைந்தால் ஜன்னல் தானே போதுமானதாகிவிடும். நான் தவறு செய்ததும் இங்கேதான். அதைச் சொல்ல வேண்டும்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவின் விரல்கள் வீங்கத் தொடங்கின. அப்போது நான் பயிற்சி முடித்துச் சில ஆண்டுகளே ஆன வாத்தியார். வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். நான் சொன்னால் அம்மா கேட்பார். ஒரு சிறு பட்டணத்துப் பசார் மாலாமில் மூலிகை மாத்திரை என்று ஒரு புட்டி வாங்கினேன். முப்பது வெள்ளி. மூன்றாம் நாள் அம்மா விடியற்காலையில் எழுந்து அம்மியில் சட்னி அரைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அக்கம்பக்கத்தாருக்கும் அந்தக் கடையைக் காட்டிவிட்டேன்.

நான்காவது மாதம் அம்மாவின் முகம் பௌர்ணமி நிலவு போல உருண்டுவிட்டது. கையில் இலேசாகத் தட்டினாலும் கன்றிப்போனது. சர்க்கரை ஏறியது. பயந்துபோய் மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தச் சொன்னேன். ஐந்தாம் நாள் குளியலறையில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கடை மாத்திரை? புட்டியைக் கொண்டு வா." மூலிகை என்று எழுதிய புட்டிக்குள் இருந்தது ஸ்டீராய்டு.

ஸ்டீராய்டு தன்னளவில் விஷமல்ல. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற டாக்டர், படுக்கையோடு கிடந்த முடக்குவாதப் பெண் ஒருவருக்கு கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். உலகமே வியந்தது, 1950இல் ஹென்ச்சுக்கும் உடன் உழைத்த இருவருக்கும் நோபல் பரிசு. அதன் தீங்குகள் வெளிப்படவும் அதிக காலம் ஆகவில்லை. இன்றும் டாக்டர்கள் இதைக் கொடுக்கிறார்கள், அளந்து, கொஞ்ச காலத்துக்கு, படிப்படியாகக் குறைத்து. புட்டி மாத்திரையில் அளவும் இல்லை, கணக்கும் இல்லை. வெளியிலிருந்து மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தால் உடம்பு தானே சுரப்பதை நிறுத்திவிடும். பிறகு திடீரென்று நிறுத்தினால் ஆள் சாய்ந்துவிடுவார், உயிருக்கே ஆபத்து. மூட்டு மாத்திரை, கஷாயம் என்ற பெயரில் டெக்ஸாமெதசோன் கலந்த சரக்குகளைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அப்படி ஒன்றை உங்கள் வீட்டில் யாராவது நீண்ட நாளாகச் சாப்பிட்டு வந்தால், என்னைப் போல ஒரே நாளில் பிடுங்கி எறியாதீர்கள். புட்டியோடு டாக்டரிடம் போங்கள்.

அம்மா பிழைத்தார். ஆனால் முறையான வைத்தியம் தொடங்குவதற்குள் ஓர் ஆண்டு போய்விட்டது. வலி தெரியாத அந்த மாதங்களிலும் நோய் முழுதாக அடங்கியிருக்கவில்லை. இன்று அம்மாவின் விரல்கள் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்தே நிற்கின்றன. சோற்றைப் பிசைய முடியாது, கரண்டியால்தான் சாப்பிடுகிறார். அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் அந்த முப்பது வெள்ளி நினைவு வரும்.

முறையான வைத்தியம் என்றால் பெரும்பாலும் முதலில் வருவது மெத்தோட்ரெக்சேட் என்ற சின்ன மஞ்சள் மாத்திரை. இதன் பிறப்பில் நம்மவர் ஒருவரின் கை உண்டு. எல்லாப்பிரகட சுப்பாராவ், 1895இல் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாவது தடவைதான் தேறினார் (என் மாணவர்களுக்கு நான் அடிக்கடி சொல்லும் செய்தி). சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது காந்தியடிகளின் சொல் கேட்டுக் கதர் உடுத்தியது பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. முழுப் பட்டம் கிடைக்காமல், அதற்குக் குறைந்த ஒரு சான்றிதழோடு வெளியே வந்தார். நானும் சான்றிதழ்க்காரன் என்பதால் அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம். 1923இல் அமெரிக்கா போனார். பின்னாளில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் உழைத்த குழு, ஃபோலிக் அமிலம் என்ற சத்தைச் செய்யக் கற்றது. அதே போன்ற தோற்றமுள்ள, ஆனால் அணுப் பெருக்கத்தைத் தடுக்கிற போலிகளையும் செய்தது. அவற்றில் ஒன்று மெத்தோட்ரெக்சேட். முதலில் இரத்தப் புற்றுநோய்க்குத்தான். 1948இல் சுப்பாராவ் காலமானார். சின்ன அளவில் கொடுத்தால் முடக்குவாதத்தில் சினந்த அணுக்களையும் அது அடக்கும் என்பது பிறகு உறுதிப்பட்டு, 1988இல் அமெரிக்க அரசு இந்நோய்க்கும் ஒப்புதல் தந்தது.

இந்த மாத்திரையில் ஒரு விஷயம் உயிர்போகிற விஷயம். இது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடுவது. தினமும் அல்ல. தினமும் விழுங்கினால் வாய் வெந்து, இரத்த அணுக்கள் குறைந்து, ஆளையே கொன்றுவிடும். மற்ற நாளில் சாப்பிடத் தரும் இன்னொரு மாத்திரை ஃபோலிக் அமிலம். குமட்டல், வாய்ப்புண் வராமல் காக்க. இரண்டையும் மாற்றிச் சாப்பிட்டுவிடாதபடி வீட்டில் எழுத்து தெரிந்தவர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் இது கூடவே கூடாது. குடிப்பழக்கம் உள்ளவர் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஈரல் கெடும். இரத்தச் சோதனைக்குக் கூப்பிட்ட நாளில் போக வேண்டும். பலன் தெரிய ஆறு வாரம், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும். மூன்றாம் நாளே சட்னி அரைக்க வைக்கிற மாத்திரை அல்ல இது.

இதற்கும் அடங்காதவர்களுக்கு ஊசிகள் உண்டு. லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும், மார்க் ஃபெல்ட்மனும் 1992இல் லண்டனில், தின்னி அணுக்கள் வீசுகிற டி.என்.எஃப். சரக்கை மடக்கும் ஊசியை முடக்குவாதக்காரர்களுக்கு முதன்முதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். விலை அதிகம், எல்லாருக்கும் தேவையும் இல்லை. நம் கதைக்கு வேண்டிய செய்தி ஒன்று இதில் இருக்கிறது. முன்பு சொன்ன டப்ளின் குழு, அந்த வகை ஊசி போடுவதற்கு முன்பும் பின்பும் மூட்டுச் சவ்வில் பிராண வாயுவை அளந்தது. யாருக்கு மருந்து நன்றாகப் பிடித்ததோ அவர்களின் மூட்டில் பிராண வாயு உயர்ந்திருந்தது.

கையை அசைக்கலாமா கூடாதா என்று கேட்கிறவர்களுக்கு இரண்டு வரி. சூடாக வீங்கி நிற்கும் முட்டியை வலுவில் மடக்கி நீட்டினால் உள்ளே அழுத்தம் ஏறி, இரத்தக் குழாய் நசுங்கி, இருக்கிற பிராண வாயுவும் தடைப்படும். இதை 1989இல் காட்டியிருக்கிறார்கள். ஆகவே கொதிக்கிற நேரத்தில் ஓய்வு, மெதுவான அசைவு. அழுத்தி உருவுகிற வேலையே வேண்டாம். வீக்கம் தணிந்ததும் பயிற்சி கட்டாயம். படுத்தே கிடந்தால் தசை வற்றி மூட்டு இறுகிவிடும். கோடாலித் தைலம் தடவுவதில் குற்றமில்லை, தோல் இதமாக இருக்கும்.

ஆறு வாரத்துக்கு மேல் கைமூட்டுகள் வீங்கி, காலை விறைப்பும் இருந்தால், அரசாங்க கிளினிக்கில் சொல்லி இரத்தம் சோதித்து, பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் வீக்கம் நிற்காவிட்டால் திரும்பப் போங்கள்; சிலருக்குச் சோதனையில் அகப்படாது.

அந்தப் பிள்ளையின் பாட்டியை ஒரு சனிக்கிழமை நானே போய்ப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு வயது. முதலில் மறுத்தார்: "வாயுதானேங்க வாத்தியாரே, இதுக்குப் போயி எதுக்கு ஆஸ்பத்திரி?" நான் அம்மாவின் கையைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு புட்டியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். புட்டி வேறு, படம் வேறு. பசார் மாலாம் சரக்குத்தான்.

அதையும் எடுத்துக்கொண்டுதான் டாக்டரிடம் போனோம். இப்போது மாத்திரை தொடங்கி நான்காவது மாதம். வெள்ளிக்கிழமை மாத்திரை நாள். சுவர் நாள்காட்டியில் எல்லா வெள்ளிக்கிழமையையும் பேத்தி சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். கொடுத்து முடித்ததும் வட்டத்துக்குள் ஒரு சரி போடுவாள். விரல் முழுதும் மடங்கிவிடவில்லை. காலை விறைப்பு அரை மணியாகக் குறைந்திருக்கிறதாம். சடை இன்னும் கொஞ்சம் கோணல்தான். ஆனால் இப்போது பாட்டி போடுகிற கோணல்.